மலை பெய்தது என்று எழுதும் மகன்

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன் நன்றாக வாசிக்கிறான். ஆனால் எழுதினால் 'மலை பெய்தது', 'காட்ரு', 'வன்டி' என்று வருகிறது. நான்கு வாக்கியத்துக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரே புள்ளி. ஒவ்வொரு பிழையையும் பத்து முறை எழுதச் சொல்கிறேன், பயனில்லை. என்ன செய்வது?
ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பத்து முறை எழுதச் சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று தடவைக்குமேல் குழந்தை சொல்லை நினைத்து எழுதுவதில்லை. மேல்வரியைப் பார்த்து இறக்குகிறது. நடுவில் ஒரு தவறு நுழைந்தால் மீதி வரிகளிலும் அதுவே இறங்கும்.

உங்கள் மகன் காதில் விழுவதைத்தான் எழுதுகிறான். பேச்சில் ழ பெரும்பாலும் ள ஆகிவிடுகிறது. ரவும் றவும் ஒன்றுபோல ஒலிக்கின்றன. அதனால் ஒரு வாரத்துப் பிழைகளை எடுத்து, விதி சொல்லித் திருத்தக்கூடியவை, கண்ணால் பழக வேண்டியவை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

'வன்டி'யும் 'காட்ரு'வும் முதல் வகை. சின்னச் சொற்களில் ட-வுக்கு முன்னால் மூன்று சுழி ண், ற-வுக்கு முன்னால் இரண்டு சுழி ன், த-வுக்கு முன்னால் ந்: வண்டி, கன்று, பந்து. 'ட்ரு' என்று காதில் விழுந்தால் எழுத வேண்டியது 'ற்று': காற்று, நேற்று. பெட்ரோல், மெட்ரோ போன்ற பிறமொழியிலிருந்து வந்த சொற்கள் இதில் சேராது. ண்-ணுக்குப் பின்னால் ரு வரும் பண்ருட்டியும் இந்த விதிகளில் அடங்காது, அந்தப் பெயரைப் பார்த்தே பழகட்டும்.

ல, ள, ழ இரண்டாம் வகை. இங்கே வாய்தான் துணை. ல-வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் பின்பக்கம் தொடும். ள-வுக்கு மடிந்து அண்ணத்தைத் தொடும். ழ-வுக்கு மடியும், தொடாது. 'பலாப்பழம்' என்று நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள். ல, ழ இரண்டும் அதில் இருக்கின்றன. பேருந்து நிலையத்தில் விழுப்புரம், வடலூர், நெல்லிக்குப்பம் பலகைகளைக் காட்டி எந்த எழுத்து என்று கேளுங்கள்.

வீட்டில் தினம் பத்து நிமிடம், நான்கே சொற்கள். பார்க்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மூடிவிட்டு எழுத வேண்டும், திறந்து ஒப்பிட வேண்டும். தவறிய சொல் மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் திரும்ப வரட்டும். பிழையைச் சிவப்பில் வட்டமிடாதீர்கள். அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அவனே தேடிக் கண்டுபிடிக்கும் பிழைதான் மனத்தில் நிற்கும்.

நிறுத்தக்குறிக்கு வேறு நாள் ஒதுக்குங்கள். இரண்டையும் ஒன்றாகத் திருத்தினால் குழந்தை திணறும். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். 'வந்தான்' என்றால் பேச்சு முடிந்தது, புள்ளி. 'வந்து' என்றால் இன்னும் ஏதோ பாக்கி, புள்ளி கூடாது. 'மாங்காய், தேங்காய், புளி' என்று அடுக்கினால் கால்புள்ளி. 'மாங்காயும் தேங்காயும்' என்றால் வேண்டாம். 'ஏன் வந்தாய்?' என்பதற்கு வினாக்குறி உண்டு. 'ஏன் வந்தாய் என்று கேட்டான்' என்பதற்கு முற்றுப்புள்ளிதான்.

ஒற்றுப்பிழையில் இப்போதைக்கு 'அந்தப் பையன்', 'இந்தக் கடை', 'பாலைக் குடி', 'கடைக்குப் போ' அளவு போதும். மற்றதை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.