மழையில் அறுபடும் இணையம்

கேள்வி: பொள்ளாச்சி அருகே தோப்பு வீட்டில் வசிக்கிறோம். நான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோபுரத்திலிருந்து, மொட்டை மாடி டிஷ் வழியாக 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணையம் வருகிறது. கோபுரம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தும், காற்றிலும் மழையிலும் இணைப்பு அறுந்துவிடுகிறது. கருவியை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். இந்த அலைவரிசையில், இவ்வளவு தொலைவுக்கு, மழைத்துளிகளால் ஏற்படும் இழப்பு மிகச் சொற்பம். ஆகவே மழையைவிட, மழையில் நனையும் பொருள்களையே முதலில் சந்தேகிக்க வேண்டும். கோபுரம் கண்ணுக்குத் தெரிவது மட்டும் போதாது. ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் செல்வதில்லை. நடுவழியில் பருத்து, உங்கள் தொலைவுக்கு ஏறத்தாழ 7 மீட்டர் ஆரமுள்ள இடத்தை அடைத்துக்கொண்டு செல்கிறது. ஃபிரெனல் மண்டலம் எனப்படும் அந்த இடத்தில், நடுக்கோட்டிலிருந்து ஆரத்தின் 60 சதவீதம் வரையிலாவது தடை இருக்கக் கூடாது. சில ஆண்டுகளில் உயர்ந்துவிட்ட தென்னையொன்றின் கொண்டை அதற்குள் நுழைந்திருந்தால், ஓலை ஆடும்போதெல்லாம் சிக்னல் ஏறி இறங்கும். நனைந்த ஓலையோ இன்னும் அதிகமாக உறிஞ்சும்.

கருவியின் அமைப்புப் பக்கத்தில் சிக்னல் அளவை வெயிலில் ஒருமுறையும் காற்று வீசும்போது ஒருமுறையும் குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 60 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு; மைனஸ் எண் பெரிதானால் சிக்னல் பலவீனம்) இருந்தது மைனஸ் 75க்கு இறங்கினால், மரத்தையோ ஆடும் கம்பத்தையோ பாருங்கள். டிஷ்ஷை உயர்த்துவதே பெரும்பாலும் தீர்வு. சிக்னல் மாறாமலே இணைப்பு அறுந்தால், கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள். பித்தளை நிறப் பின்களில் பச்சைப் பூப்பு படிந்திருந்தால், உள்ளே நீர் இறங்கியிருக்கிறது.