ஐந்து தோட்டாவுக்கே துள்ளலாமா?

கேள்வி: என் 6.5 கிரீட்மோர் ரைஃபிளுக்கு வீட்டிலேயே தோட்டா அடைக்கிறேன். புதிதாக, குண்டின் வேகத்தை அளக்கும் ரேடார் குரோனோகிராஃப் வாங்கினேன். போன வாரம் ஐந்து தோட்டா சுட்டேன். அதிக வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் நொடிக்கு 11 அடிதான் வித்தியாசம். இந்த வாரம் அதே தோட்டா, 34 அடி! கருவியில் கோளாறா, என் கையிலா?
- வாசகர், டாலஸ்

பதில்: இரண்டிலும் இல்லை. போன வாரம் நீங்கள் துள்ளியிருப்பீர்கள், அதுதான் தப்பு.

உங்கள் தோட்டாவின் உண்மையான திட்ட விலக்கம் (எஸ்டி; வேகம் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு) 10 அடி என்று வையுங்கள். ஐந்தைந்தாகச் சுட்டால் இந்த வித்தியாசம் சராசரியாக 23 அடி வரும். ஒரு நாள் 11, ஒரு நாள் 34 என்று ஆடுவது சகஜம். அதையே பத்துப் பத்தாகச் சுட்டால் சராசரி 31 ஆகிவிடும். தோட்டா கெட்டுப்போகவில்லை; கூட்டம் கூடினால் ரொம்ப நெட்டையும் ரொம்பக் குட்டையும் கண்ணில் படுவார்கள், அவ்வளவுதான். அதனால் இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு, எஸ்டி எண்ணைப் பாருங்கள். அதுவும் ஐந்து தோட்டாவில் 10 என்று காட்டினால், உண்மை 6 முதல் 29 வரை எங்கேயும் இருக்கலாம். 30 தோட்டா சுட்டால் 8 முதல் 13 வரை என்று சுருங்கும். ஒரே நாளில் சுடத் தேவையில்லை. ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள், வெயிலா குளிரா என்பதையும் சேர்த்து.

சரி, இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? 100 கஜத்தில் சுடுகிறவர் என்றால் வேண்டாம். 30 அடி வேகம் குறைந்தாலும் குண்டு ஒரு நூல்கூட இறங்காது. 1000 கஜத்தில் கதை வேறு: வேகம் 10 அடி குறைந்தால் குண்டு சுமார் மூன்று அங்குலம் இறங்கும். எஃப்-கிளாஸ் என்ற நெடுந்தூரப் போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளி வட்டமே 10 அங்குலம்தான்.

எஸ்டி உண்மையிலேயே பெரிதாக இருந்தால் முதலில் வெடிமருந்து நிறுக்கும் தராசைப் பாருங்கள். ஒரு கிரெய்ன் என்ற எடை குன்றிமணியில் ஏறத்தாழ பாதி. அதில் பத்தில் ஒரு பங்கு மருந்து கூடினாலே சுமார் 5 அடி மாறும். நான் ஒரு மாதம் பிரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் மூடியை, திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், தராசுக்கு நேர் மேலே ஏசி காற்று. இன்னொன்று: தோட்டா அடைக்கும் கையேட்டில் போட்டிருப்பதைவிட வேகம் கூடுதலாகக் காட்டினால் மகிழாதீர்கள். அழுத்தம் கூடியிருக்கலாம், அத்தோடு நிறுத்துங்கள்.

ரேடார் வாங்கியது நல்லது. என் முதல் குரோனோகிராஃப் பழைய ரகம். ஒளியை உணரும் இரண்டு கண்களுக்கு மேலே குண்டின் நிழல் கடக்கும் நேரத்தை அளக்கும். ஸ்கோப்பில் பார்த்தால் வழி சுத்தமாகத் தெரிந்தது. ஆனால் குழல் ஸ்கோப்புக்கு இரண்டு அங்குலம் கீழே இருக்கிறதே! மூன்றாவது தோட்டா நேராகக் கருவியின் நெற்றியில். பக்கத்து பெஞ்சுக்காரர் தொப்பியைக் கழற்றி அஞ்சலி செலுத்தினார்.

கேள்வி: பத்து மீட்டர் ஏர் ரைஃபிளுக்கும் குரோனோகிராஃப் உதவுமா?
- வாசகி, கோவை

பதில்: நன்றாக உதவும். அங்கே மருந்து இல்லை, காற்றுதான். வேகம் ஆடினால் முதலில், காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்கள். போட்டியில் 60 பெல்லட் சுடுகிறீர்கள் அல்லவா? அறுபதையும் அளந்து, முதல் பத்தையும் கடைசிப் பத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.