மரத்தின் மேலா, தரையிலா? மான் வேட்டைக்கு உட்காரும் இடம் பற்றிய கேள்வி பதில்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அக்டோபர் 1 அன்று வில்லால் மான் வேட்டையாடும் சீசன் தொடங்குகிறது. நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கி சீசன். அதற்கு முன்னால் எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: மரத்தில் பரண் மாதிரி ட்ரீ ஸ்டாண்ட் கட்டுவதா, தரையில் பிளைண்ட் என்கிற துணிக்கூடாரத்துக்குள் உட்காருவதா? நான் வேட்டையாடுவது தெற்கு மிச்சிகனில், சோளக் கொல்லைகளும் ஓக் தோப்புகளும் கலந்து கிடக்கும் பகுதியில். என் பதில்களை அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி (நோவை, மிச்சிகன்): அக்கா, ஹன்டர் சேஃப்டி வகுப்பு இப்போதுதான் முடித்தேன். கையில் காம்பவுண்ட் வில் (கப்பி வைத்த நவீன வில்) இருக்கிறது. நண்பரின் 20 ஏக்கர் நிலத்தில் வேட்டையாட அனுமதி கிடைத்திருக்கிறது. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்கலாம்?

கடைக்குப் போகும் முன் அந்த நிலத்தை நடந்து பாருங்கள் தம்பி. மான் எங்கே படுக்கிறது, எங்கே மேய்கிறது, இரண்டுக்கும் நடுவில் எந்தத் தடத்தில் போகிறது என்று தெரிந்த பிறகுதான் இந்தக் கேள்விக்கே அர்த்தம் வரும். தடத்திலிருந்து காற்று நம்மை நோக்கி வீசும் பக்கத்தில், 15, 20 கஜத்தில் நல்ல உயிருள்ள மரம் இருந்தால் ஸ்டாண்டைப் பற்றி யோசிக்கலாம். மரமே இல்லாத கொல்லை ஓரம் என்றால் பிளைண்ட்தான், வேறு வழியில்லை.

இரண்டுக்கும் இடம் இருக்கிறது என்றால், முதல் வருஷத்துக்கு நான் பிளைண்டைத்தான் சொல்வேன். புதிதாக வில் பிடிப்பவர்களுக்கு இடிக்கிற இடம் ஒன்றுதான்: மான் 15 கஜத்தில் நிற்கும்போது அதன் கண்ணில் படாமல் வில்லை இழுப்பது. பிளைண்டுக்குள் அந்த அசைவு மறைந்துவிடும். மரத்தின் மேல் அதை மறைக்க ஒன்றும் கிடையாது. மான் தலையை மரத்துக்குப் பின்னால் கொண்டுபோகும் நொடிக்காகக் காத்திருந்து இழுக்க வேண்டும். அந்தப் பொறுமை ஒரு சீசன் மானைப் பார்த்தால் தானாக வரும்.

கேள்வி (கேன்டன்): மேலே ஏறிவிட்டால் நம் வாடை மானுக்குப் போகாது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. உயரத்திலிருந்து கிளம்பும் வாடை பக்கத்தில் நிற்கும் மானின் தலைக்கு மேலே கடந்து போகலாம். ஆனால் அது அங்கேயே கரைந்துவிடாது. காற்றோடு போய் இன்னும் தூரத்தில் இறங்கும், அங்கே நிற்கும் மானுக்குத் தெரிந்துவிடும். மேடு பள்ளமான இடத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். காலையில் வெயில் ஏற ஏறக் காற்று சூடாகிச் சரிவில் மேலே எழும். மாலையில் குளிர்ந்து பள்ளத்தை நோக்கி இறங்கும். காலையில் அருமையாக இருந்த அதே மரம், மாலையில் உங்கள் வாடையைப் பள்ளத்தில் இருக்கும் மான்களுக்கு நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். எனக்கு அதனால்தான் காலைக்கு ஒரு இடம், மாலைக்கு ஒரு இடம்.

பிளைண்டும் வாடையை அடைத்து வைக்காது. எதில் உட்கார்ந்தாலும் காற்று முகத்தில் பட வேண்டும், அல்லது பக்கவாட்டில் போக வேண்டும். காற்று ஒத்துவராத நாளில் அந்த இடத்துக்குப் போகவே போகாதீர்கள். ஒரு முறை அங்கே மனித வாடை பிடித்த பெண் மான் பிறகு அந்தப் பக்கம் பகலில் வருவதை நிறுத்திக்கொள்ளும்.

கேள்வி (டிராய்): எவ்வளவு உயரத்தில் கட்டலாம்? என்னோடு வேலை பார்ப்பவர் 30 அடிக்குக் குறைந்து ஏறமாட்டாராம்.

15 முதல் 20 அடி போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அடி உயரத்திலிருந்து 20 கஜம், அதாவது 60 அடி தள்ளி நிற்கும் மானுக்கு அம்பு தோராயமாக 18 டிகிரி சரிவில் போகிறது. பக்கவாட்டில் நிற்கும் மான் என்றால் இரண்டு நுரையீரலும் எளிதாகக் கிடைக்கும். அதே மான் 5 கஜத்துக்கு வந்துவிட்டால் சரிவு 53 டிகிரி. நீங்கள் 30 அடியில் இருந்தால் 63 டிகிரி. அம்பு முதுகுப் பக்கம் நுழைந்து ஒரு நுரையீரலை மட்டும் துளைத்துக் கீழே வரும். ஒரு நுரையீரலோடு மான் வெகுதூரம் ஓடும். பல சமயம் கிடைக்கவே கிடைக்காது. ஒரு உயிரை எடுக்கப் போகிறோம். அது சட்டென்று, வலியில்லாமல் முடிய வேண்டும். உங்கள் உயரத்தை முடிவு செய்ய வேண்டியது அதுதான்.

உயரத்தைவிட முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது பெரிய விஷயம். கவட்டை பிரிந்த மரம், அல்லது நவம்பரிலும் காய்ந்த இலையை உதிர்க்காமல் வைத்திருக்கும் ஓக், 16 அடியிலேயே உங்களை மறைத்துவிடும். மொட்டை மரத்தில் வானத்தை முதுகில் வைத்து உட்கார்ந்தால் 25 அடியிலும் பளிச்சென்று தெரிவீர்கள். இன்னொன்று, மேலிருந்து அம்பு விடும்போது கையை மட்டும் தாழ்த்தாதீர்கள், இடுப்பிலிருந்து குனியுங்கள்.

கேள்வி (லேன்சிங்): எங்களுடையது ஏணி ஸ்டாண்ட். சுற்றிலும் கம்பி, முன்னால் குறுக்குக் கம்பி எல்லாம் உண்டு. இதற்கும் ஹார்னஸ் (விழுந்தால் தாங்கிப் பிடிக்க உடம்பில் மாட்டும் பட்டை) வேண்டுமா?

வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது.

பலர் மேலே உட்கார்ந்த பிறகு ஹார்னஸை மரத்தில் மாட்டுகிறார்கள். ஆனால் அதிகம் பேர் விழுவது உட்கார்ந்திருக்கும்போது இல்லை. ஏறும்போதும், இறங்கும்போதும், ஏணியிலிருந்து ஸ்டாண்டுக்குக் கால் மாற்றும் அந்த ஓரிரு நொடியிலும்தான். இருட்டு, பனி ஈரம், தடித்த பூட்ஸ், மரத்துப்போன விரல்கள். கம்பி அங்கே எதையும் செய்யாது. அதனால் லைஃப்லைன் என்னும் நீளக் கயிற்றை மேலிருந்து அடிமரம் வரை கட்டுங்கள். அதில் புரூசிக் முடிச்சு ஒன்று இருக்கும். தள்ளினால் நகரும், பாரம் விழுந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். தரையில் நிற்கும்போதே ஹார்னஸை அதில் கொக்கி போட்டுவிட்டு, ஏறும்போது கூடவே தள்ளிக்கொண்டு போங்கள். திரும்பவும் தரையில் கால் பட்ட பிறகுதான் கழற்ற வேண்டும். மேலே உட்கார்ந்தபோது முடிச்சு தலைக்கு மேல் இருக்கட்டும், கயிறு தொளதொளவென்று தொங்கக் கூடாது.

விழுந்து ஹார்னஸில் தொங்க நேர்ந்தால் அத்தோடு ஆபத்து முடியவில்லை. தொடைப் பட்டைகள் அழுத்தி, காலில் இறங்கிய ரத்தம் மேலே திரும்பாமல் கொஞ்ச நேரத்திலேயே மயக்கம் வரலாம். ஹார்னஸோடு ஒரு வளையப் பட்டை வரும். அதில் காலை ஊன்றி எழுந்து நிற்க வேண்டும், காலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் ஓரடி உயரத்தில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு இதைப் பழகிப் பாருங்கள். கைபேசியை முதுகுப் பையில் போடாதீர்கள், மார்புப் பாக்கெட்டில் வையுங்கள். எந்த மரம், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். வில்லையும், குண்டு எடுத்த துப்பாக்கியையும் கயிறு கட்டித்தான் மேலே இழுக்க வேண்டும்.

கேள்வி (ஆன் ஆர்பர்): எங்கள் தோப்பில் வாகாக நேராக நிற்கும் மரம் ஒன்று இருக்கிறது, ஆனால் பட்டை உதிர்ந்து வெளுத்துப்போயிருக்கிறது. கட்டலாமா?

கட்டாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஆஷ் மரமாகத்தான் இருக்கும். எமரால்டு ஆஷ் போரர் என்னும் பச்சை வண்டு 2002-ல் டெட்ராய்ட் பக்கம்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு பட்டைக்கு அடியில் குடைந்து குடைந்து கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. புழுவைத் தேடி மரங்கொத்திகள் மேல்பட்டையைச் சீவித் தள்ளுவதால்தான் அந்த வெளுப்பு. கிட்டே போய்ப் பாருங்கள்: ஒரு பக்கம் தட்டையாக, ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில், அரிசி மணி அகலத்துக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். செத்த ஆஷ் சீக்கிரமே மொடமொடப்பாகிவிடும். கிளை மட்டுமல்ல, நடுமரமே சொல்லாமல் முறியும். அதன் அடியில் பிளைண்ட் போடுவதும் கூடாது.

ஓக், மேப்பிள் நல்லது. ஷாக்பார்க் ஹிக்கரியில் பட்டை சிலாம்பு சிலாம்பாகக் கழன்று வரும் என்பதால் மரத்தைப் பற்றிக்கொண்டே மேலே ஏறும் கிளைம்பர் ஸ்டாண்டுக்கு ஆகாது.

கேள்வி (கிராண்ட் ராபிட்ஸ்): போன வருஷம் பிளைண்ட் போட்டேன். வந்த மானெல்லாம் அதையே முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. என்ன தப்பு?

அன்று காலையில் போட்டு அன்றே உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மான் தன் இடத்தை அங்குலம் அங்குலமாகத் தெரிந்து வைத்திருக்கும். நேற்று இல்லாத கட்டம் ஒன்று இன்று தடத்தின் ஓரத்தில் நின்றால் சந்தேகப்படத்தான் செய்யும். இரண்டு மூன்று வாரம் முன்னால் போட்டுவிடுங்கள். புதுத் துணி வாசனை போக அதற்கு முன்பே வெளியில் விரித்து வையுங்கள். அக்கம்பக்கத்துக் கிளைகளையே வெட்டி மூலைகளிலும் கூரை விளிம்பிலும் செருகுங்கள். மானின் கண்ணை உறுத்துவது நேர்கோடான அந்த விளிம்புதான்.

உள்ளே முதுகுப்பக்க ஜன்னல்கள் எல்லாம் மூடியிருக்க வேண்டும். முன்னும் பின்னும் திறந்திருந்தால் வெளிச்சம் ஊடுருவி உங்கள் உருவம் நிழலாகத் தெரியும். பிளைண்டின் உட்பக்கத் துணி கறுப்பு என்பதால் நீங்களும் கறுப்புச் சட்டை போடுங்கள். விலை கொடுத்து வாங்கிய இலை டிசைன் சட்டைக்கு அங்கே வேலையில்லை. காலடியில் சருகைத் துடைத்து வெறும் மண்ணாக்கிவிடுங்கள்.

வில்காரர்கள் இன்னொன்று செய்தே ஆக வேண்டும். வில்லில் குறிபார்க்க வைத்திருக்கும் ஊசி கண்ணுக்கு நேராக இருக்கும், அம்போ சில அங்குலம் கீழே இருக்கும். ஊசி வழியாக மான் தெளிவாகத் தெரியும்; அம்பு ஜன்னலின் கீழ்விளிம்பைக் கிழித்துக்கொண்டு எங்கோ போகும். சீசனுக்கு முன் அதே நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை முழுக்க இழுத்து, அம்பு நுனி எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வில்லின் மேல்முனை கூரையில் இடிக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அப்புறம், தரையில் உட்காருகிறவர்கள் உண்ணியை மறக்க வேண்டாம். லைம் நோய் பரப்பும் மான் உண்ணி அக்டோபர், நவம்பரிலும் குளிர் கொஞ்சம் தணிந்த நாளில் சுறுசுறுப்பாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் உடம்பைச் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி (மில்வாக்கி, விஸ்கான்சின்): என் 12 வயது மகளைத் துப்பாக்கி சீசனுக்குக் கூட்டிப்போகிறேன். பிளைண்ட்தானே நல்லது?

ஆமாம் அண்ணா. நெளியலாம், தின்னலாம், காதோடு காதாகப் பேசலாம். பிள்ளைக்கு வேட்டை பிடித்துப்போக அதெல்லாம் வேண்டும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். மரத்திலிருந்து சுட்டால் தோட்டா தரையை நோக்கிப் போகும். பிளைண்டிலிருந்து சுட்டால் தரைக்கு இணையாகப் போகும். மானைத் தாண்டி மண்மேடு இருக்கிற திசையில் மட்டுமே ஜன்னலைத் திறந்து வையுங்கள், மற்றதை மூடிவிடுங்கள். அப்போது எந்தப் பக்கம் சுடலாம், எந்தப் பக்கம் கூடாது என்று குழந்தை யோசிக்க வேண்டியதே இல்லை. இரண்டாவது, மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்காக நீங்கள் இருவரும் போட்டிருக்கும் ஆரஞ்சு உடை உள்ளே மறைந்துவிடும். விஸ்கான்சின் இயற்கைவளத் துறை நிலங்களில் துப்பாக்கி மான் சீசனில், எல்லாத் திசையிலிருந்தும் தெரியும்படி 144 சதுர அங்குல ஆரஞ்சு அல்லது பளீர் ரோஸ் நிறம் பிளைண்டின் வெளியே இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் சொந்த நிலமானாலும் கட்டுங்கள். மான் கண்ணுக்கு ஆரஞ்சு எடுப்பாகத் தெரியாது. நீலம்தான் நன்றாகத் தெரியும், எனவே ஜீன்ஸ் வேண்டாம்.

கேஸ் ஹீட்டர் வைத்தால் ஒரு ஜன்னல் திறந்தே இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கேள்வி (ஃபார்மிங்டன் ஹில்ஸ்): எச்-1பி விசாவில் இருக்கிறேன். நான் வேட்டையாடலாமா?

இந்த மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க ஃபெடரல் சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் அதற்கு விலக்கும் உண்டு. வில்லுக்கு இந்தத் தடை பொருந்தாது. துப்பாக்கியைத் தொடும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் வில்லிலேயே தொடங்கலாம்.

கேள்வி (கோயம்புத்தூர்): இங்கே இதெல்லாம் முடியுமா?

முடியாது. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அங்கே மான் வேட்டை குற்றம். பிளைண்டுக்குள் கேமராவோடு உட்காரலாம். காட்டுக்குள் என்றால் அதற்கும் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும்.

கேள்வி (கலமசூ): பொது நிலத்தில் ஸ்டாண்ட் கட்டினால் என்னென்ன பார்க்க வேண்டும்?

மிச்சிகனில் அதன் மேல் உங்கள் பெயர், முகவரி அல்லது ஓட்டுநர் உரிம எண் படிக்கும்படி இருக்க வேண்டும். மரத்தில் ஆணி, திருகுபடி எதையும் இறக்கக் கூடாது. பட்டையால் கட்டும் படிகள்தான். நீங்கள் கட்டியதால் அந்த இடம் உங்களுடையதாகிவிடாது, வேறொருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் சத்தமில்லாமல் வேறு இடம் பாருங்கள். விஸ்கான்சின் அரசு நிலங்களில் பல இடங்களில் அன்றன்றே கழற்றி எடுத்துவிட வேண்டும். போகிற மாநிலத்தின் அந்த வருஷத்து விதிப் புத்தகத்தைப் படிக்காமல் போகாதீர்கள்.

கேள்வி (லேன்சிங்): பழைய ஏணி ஸ்டாண்ட் ஒன்று கராஜ் சேலில் 40 டாலருக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா அக்கா?

இரும்பு நன்றாக இருந்தால் வாங்கலாம். பற்றவைப்பு ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். துருவுக்கு அடியில் மயிரிழை விரிசல் இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஏணித் துண்டுகளைச் சேர்க்கும் ஊசிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். அதோடு வரும் பட்டைகளைப் பார்க்கவே வேண்டாம், வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள். வெயிலில் கிடந்த பட்டை பார்க்க முழுசாக இருக்கும், பலம் போயிருக்கும். மரமும் வருஷா வருஷம் பருத்து அதை இழுத்துக்கொண்டே இருக்கும். ஸ்டாண்டை மரத்தில் தூக்கி நிறுத்த இன்னும் இரண்டு பேர் வேண்டும், ஒருவராக முயலாதீர்கள். பழைய ஹார்னஸை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். மிச்சப்படும் பணத்தில் புது ஹார்னஸும் லைஃப்லைனும் வாங்குங்கள்.