அண்ணனுக்கு எஸ்எம்ஏ: மருந்தை நிறுத்தலாமா?

சகோதரி, எஸ்எம்ஏ (தசையை அசைக்கும் நரம்புச் செல்கள் செத்து, தசை வலுவிழக்கும் மரபணு நோய்) உள்ள அண்ணன் ரிஸ்டிப்லாம் மருந்தை ஒரு வருஷம் குடித்தும் நடக்கவில்லை, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். செத்துப்போன நரம்புச் செல்லை இந்த மருந்து எழுப்பாது. எஸ்எம்என்2 என்ற மரபணு வழியாக, அந்தச் செல்கள் பிழைக்கத் தேவையான புரதத்தைக் கூட்டி, மிச்சமிருப்பதைக் காக்கும். பெரியவர்களுக்கு மோசமாகாமல் இருப்பதே பெரிய பலன். சோற்றைப் பிசைந்து வாய்வரை கொண்டுபோகிறாரா, ராத்திரி தானாகப் புரண்டு படுக்கிறாரா? இதையெல்லாம் ஆறு மாதத்துக்கொருமுறை வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். புயலில் கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் நின்றால் மருந்து பாட்டிலை மீன் ஐஸுக்குள் புதைக்காதீர்கள் (நம்ம பக்கம் கை அங்கேதான் போகும்), உறையவே கூடாது.

இன்னொன்று. தங்கச்சிமடத்து மணலில் வீல்சேர் புதைவதை எந்த மருந்தும் தீர்க்காது. வாசலிலிருந்து ரோடுவரை சிமெண்ட் போடுங்கள், வலை பின்னுகிறவர்களோடு சாயங்காலம் போய் உட்காரட்டும்.