தோட்டத்து அஞ்சல்: கவலை நாள்களில் ஒரு பாத்தி

இம்முறை வந்த கடிதங்கள் செடியைப் பற்றிக் கேட்டாலும் செடியோடு நிற்கவில்லை. வீட்டில் நோய், கையை விட்டுப் போன வேலை, தூக்கம் பிடிக்காத இரவு என்று ஏதோ ஒரு பாரம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கிறது. அதை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டோம்.

கேள்வி: என் கணவருக்கு நீண்ட சிகிச்சை நடக்கிறது. மனம் கொஞ்சம் ஆறுமே என்று, பொதுத் தோட்டம் ஒன்றில் ஒரு சென்ட் இடத்தை ஆண்டு வாடகைக்கு எடுத்தேன். இடம் முழுக்கக் கோரையும் அருகும். பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கும். எங்கே தொடங்குவது?

பதில்: ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 435 சதுர அடி. அதில் 32 சதுர அடியை மட்டும் இப்போதைக்கு உங்கள் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 அடி அகலம், 8 அடி நீளம், ஒரே ஒரு பாத்தி. அகலம் இதற்கு மேல் வேண்டாம். எந்தப் பக்கம் உட்கார்ந்து கை நீட்டினாலும் நடுப்பகுதி எட்ட வேண்டும், பாத்திக்குள் கால் படவே கூடாது. மிதிபட்ட மண் இறுகிவிடும், வேர் இறங்காது, தண்ணீர் மேலேயே நிற்கும்.

மீதி 400 சதுர அடியை மூடி வைத்துவிடுங்கள். களையைத் தரையோடு அறுத்துப் போட்டு, அதன் மேல் நனைத்த அட்டைப்பெட்டிகளை விரித்துப் பரப்புங்கள். ஓர் அட்டையின் விளிம்பு மேல் இன்னொன்று அரையடி ஏறியிருக்கட்டும். இடுக்கு இருந்தால் களை அங்கேதான் தலை நீட்டும். ஒட்டு நாடாவையும் இரும்பு ஊசிகளையும் முன்பே எடுத்துவிடுங்கள். மேலே பழைய தார்ப்பாயைப் போட்டு ஓரங்களில் கல் வைத்தால் வேலை முடிந்தது. வெளிச்சம் இல்லாமல் சில மாதங்கள் கிடந்தால் அருகு பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

கோரை அப்படி அடங்காது. அதன் கூரான குருத்து மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பையே குத்திக்கொண்டு வெளியே வரும். அதைக் கொத்தி நறுக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலிபோல் கோத்துக் கிடக்கும். சங்கிலி அறுந்தால் ஒவ்வொரு கிழங்கும் தனியாக முளைக்கும். எனவே பாத்திக்கு உரிய இடத்தில் மட்டும், முதல் நாள் தண்ணீர் விட்டு, மறுநாள் கடப்பாரையோ பல்லுள்ள கொத்தோ கொண்டு முக்கால் அடி ஆழத்துக்கு மண்ணை நெம்பித் தளர்த்தி, கிழங்கைக் கையால் பொறுக்கியெடுங்கள். அரை மணி நேரத்துக்கு நான்கு சதுர அடி என்று கணக்கு வைத்துக்கொண்டால் எட்டு நாளில் பாத்தி தயார். எடுத்த கிழங்கு உரக்குழிக்குப் போகக் கூடாது, திரும்ப முளைக்கும். அதன் பிறகும் கோரை வரும். நாலைந்து இலை விடுவதற்குள் பிடுங்கிக்கொண்டே இருந்தால் கிழங்கில் உள்ள சேமிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தீரும்.

இனி உரம். நன்கு மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரத்தை 2 அங்குலக் கனத்துக்குப் பரப்பி, மேல்மண்ணோடு லேசாகக் கலந்துவிடுங்கள். இந்தப் பாத்திக்கு 150 லிட்டர், அதாவது 25 லிட்டர் பை ஆறு தேவைப்படும். மக்கியதா என்று மூக்கே சொல்லிவிடும்: சாண நாற்றம் அடித்தால் இன்னும் ஆகவில்லை, மழை பெய்த மண் வாசனை வந்தால் போடலாம்.

ஒரு சென்ட்டையும் ஒரே மூச்சில் திருத்தப் பார்த்தால், வீட்டில் ஏற்கெனவே உள்ள கவலையோடு தோட்டமும் ஒரு கவலையாகச் சேர்ந்துகொள்ளும். சிகிச்சைக் காலத்தில் எதுவும் சட்டென்று முடிவதில்லை. எட்டு நாளில் முடிந்து கண்முன் நிற்கிற ஒரு வேலைக்கு அப்போது இருக்கும் மதிப்பு தனி.

கேள்வி: வேலை போய் மூன்று மாதமாகிறது. கையில் நேரம் இருக்கிறது, பொறுமை இல்லை. சீக்கிரம் கண்ணில் படும்படி வளர்கிற, அதிகம் தொல்லை தராத செடிகளைச் சொல்லுங்கள்.

பதில்: மேலே சொன்ன 4க்கு 8 அடிப் பாத்தியையே எடுத்துக்கொள்வோம். வெயில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது விழ வேண்டும்.

முதல் 2 அடி நீளம் முளைக்கீரைக்கு. இந்த 8 சதுர அடிக்கு விதை ஒரு சிட்டிகை போதும். அதைப் பத்து மடங்கு மணலில் கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழாது. மேலே மண் மெல்லியதாக, விதை மறைந்தால் சரி. ஆழமாகப் போனால் முளைக்காது. மூன்றிலிருந்து ஐந்து நாளில் சிவந்த புள்ளிகள்போல் முளை தெரியும், 25 நாள் அளவில் பறிக்கலாம். பொறுமை இல்லை என்கிறீர்களே, அதற்கு இதுதான் முதல் செடி. பாதி இடத்தில் இன்றும் மீதியில் பத்து நாள் கழித்தும் விதைத்தால் எப்போது போனாலும் ஏதாவது ஒன்று முளைத்துக்கொண்டிருக்கும்.

அடுத்த 3 அடியில் வெண்டை. வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓர் அடி. மொத்தம் எட்டுச் செடி வரும். விதையை ஓர் இரவு ஊறவைத்து, குழிக்கு இரண்டாக, முக்கால் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். இரண்டும் முளைத்தால் நலிந்ததைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடிவிடும். 45 முதல் 50 நாளில் காய்க்கத் தொடங்கும்.

கடைசி 3 அடியில் இரண்டு கத்திரி நாற்று, ஒவ்வொன்றுக்கும் 2 அடிச் சதுரம். மிஞ்சும் ஓர் அடி ஓரப் பட்டையில் நான்கு செண்டுமல்லி. கத்திரி பொறுத்துப்போகும் செடி. சில நாள் கவனிக்காமல் விட்டாலும் மீளும், காய்த்து ஓய்ந்த பின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் மறுபடி துளிர்க்கும். நுனிக்குருத்து மட்டும் தலை தொங்கினால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் உள்ளே தண்டுத்துளைப்பான் புழு இருக்கும். வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டி, பாத்திக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிடுங்கள்.

தக்காளியை முதல் பருவத்தில் நாங்கள் சொல்வதில்லை. ஏன் என்பதை அடுத்த கடிதம் சொல்லும்.

கேள்வி: முதலில் போட்ட தக்காளி நாற்றுகள் ஒரே இரவில் சாய்ந்து செத்தன. கடையில் வாங்கி நட்டவை காய்த்தன, ஆனால் காயின் அடி கறுத்து அழுகுகிறது. இந்த ஆண்டு நான் எதைத் தொட்டாலும் இப்படித்தான் ஆகிறது.

பதில்: இரண்டுக்கும் காரணம் உங்கள் கை ராசி அல்ல, தண்ணீர்.

நாற்று தரையை ஒட்டி நூல்போல் மெலிந்து சாய்வது நாற்றழுகல். மண்ணில் உள்ள பூஞ்சைகளின் வேலை. நெருக்கமான விதைப்பு, எப்போதும் சொதசொதவென்ற ஈரம், காற்றோட்டம் இல்லாத மூலை மூன்றும் சேர்ந்தால் ஓர் இரவே போதும். அடுத்த முறை குழித்தட்டில் குழிக்கு ஒரு விதை போடுங்கள். தட்டு பழையதென்றால் சோப்பு போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள். மேலே தெளிக்காமல், தட்டைத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டு எடுத்துவிடுங்கள். மேல்மண் நிறம் வெளுத்த பிறகே அடுத்த தண்ணீர். சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. அதைச் சுற்றியுள்ள மண்ணோடு அகற்றிவிடுங்கள்.

காயின் அடி தோல்போல் கறுப்பது தொற்றுநோய் அல்ல. சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. அந்தச் சத்து தண்ணீரோடுதான் செடிக்குள் நகரும். மூன்று நாள் காயவிட்டு நான்காம் நாள் குளிப்பாட்டினால், மண்ணில் சத்து இருந்தும் காய்க்குக் கிடைக்காது. முட்டை ஓட்டுத் தூள் போடச் சொல்வார்கள். அது கரைய நெடுநாள் ஆகும், இந்தக் காயைக் காப்பாற்றாது. கறுத்த காய்களைப் பறித்துவிட்டு, 2 முதல் 3 அங்குலத்துக்கு வைக்கோல் அல்லது சருகு மூடாக்கு போட்டு, ஈரம் ஒரே சீராக இருக்கும்படி பாருங்கள். மூடாக்கு தண்டைத் தொடாமல் இரண்டு அங்குலம் விலகியிருக்கட்டும். தழைச்சத்து உரத்தைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். இலை வேகமாக வளர்ந்தால் வருகிற சுண்ணாம்பையும் அதுவே இழுத்துக்கொள்ளும். பெரும்பாலும் முதல் கொத்துகளோடு இது நின்றுவிடும். அடுத்து வரும் காய்களைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: அம்மாவை மருத்துவமனையில் சேர்த்தால் பத்து நாள் தோட்டத்துப் பக்கம் போக முடியாது. திரும்பி வந்து காய்ந்த செடிகளைப் பார்ப்பது இன்னும் வேதனையாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: போவதற்கு முன்னால் செய்வதைவிட, இன்றே ஒரு முறை செய்து வைப்பது நல்லது. காய்கறிப் பாத்திக்கு வாரம் ஓர் அங்குல உயரத் தண்ணீர் என்பது பொதுக் கணக்கு. சதுர மீட்டருக்கு 25 லிட்டர். 32 சதுர அடிக்கு வாரம் 75 லிட்டர் ஆகிறது. கடும் வெயிலில் இன்னும் கூடும்.

மெருகு பூசாத, 5 லிட்டர் பிடிக்கும் மண்பானை நான்கை வாங்கி, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி பாத்திக்குள் புதைத்துவிடுங்கள். பானைக்கும் மண்ணுக்கும் இடையே வெற்றிடம் இல்லாமல் மண்ணை அழுத்துங்கள், இல்லையென்றால் ஈரம் கசிந்து பரவாது. வாயை மூடிவைக்க வேண்டும். திறந்திருந்தால் கொசு முட்டையிடும். மண்ணையும் வெயிலையும் பொறுத்துப் பானை மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். ஆகவே பக்கத்துப் பாத்திக்காரரிடம் 'தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். 'மூன்று நாளைக்கு ஒரு முறை இந்த நான்கு பானையை நிரப்புங்கள், வெண்டையைப் பறித்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லுங்கள். கேட்பது சின்ன வேலையாக இருந்தால் யாரும் மறக்க மாட்டார்கள். பறிக்கச் சொல்வது உபசாரத்துக்கு அல்ல. வெண்டை முற்றி விதை கட்டினால் செடி புதிதாகப் பூப்பது குறைந்துவிடும்.

பறிக்க ஆள் இல்லை என்றால், திரும்பியதும் முற்றிய காயை எல்லாம் நறுக்கிப் போட்டு, நன்றாகத் தண்ணீர் விட்டு ஒரு வாரம் காத்திருங்கள். பெரும்பாலான செடிகள் மீண்டுவிடும். கீரை பூத்துவிட்டிருந்தால் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் மறுபடி விதையுங்கள். அதில் இழந்தது ஒரு சிட்டிகை விதைதான்.

கேள்வி: இப்படிப்பட்ட நேரத்தில் பூச்செடிக்கு இடம் ஒதுக்குவது தேவையற்ற ஆசைபோல் உறுத்துகிறது. காய்கறி மட்டும் போதாதா?

பதில்: போதாது. பூசணி, சுரை, பீர்க்கு வகைகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பூச்சி வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். சூரியகாந்தி, காஸ்மாஸ், ஜினியா இருக்கும் தோட்டத்துக்குத் தேனீ தேடி வரும். (பூச்சி குறைவாக இருந்தால் நீங்களே ஆண் பூவைப் பறித்து இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் தடவலாம். பூசணிக்கு அதிகாலை, சுரைக்கும் பீர்க்குக்கும் மாலை, அப்போதுதான் அவை மலரும்.)

செண்டுமல்லி நட்டால், மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு ஓடிவிடும் என்பது பாதி உண்மை. அதன் வேரில் நூற்புழுவைக் கொல்லும் பொருள் உண்டு; ஆனால் பாத்தி முழுக்க நெருக்கமாக நட்டு, குறைந்தது இரண்டு மாதம் வளரவிட்டால்தான் பலன். ஓரத்தில் நாலு செடி வைத்துவிட்டு அதை எதிர்பார்க்கக் கூடாது.

ஆனால் நீங்கள் கேட்டது பயனை அல்ல என்று தோன்றுகிறது. பூவுக்குப் பயன் தேட வேண்டியதில்லை. வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருக்கும் நாள்களில், மேசைமேல் ஒரு குவளை ஜினியா இருப்பது உறுத்த வேண்டிய விஷயமே அல்ல. நேரடியாக விதைத்து, முக்கால் அடிக்கு ஒன்று நிற்கும்படி மற்றவற்றைப் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள், இரண்டு மாதத்தில் பூக்கும். தண்ணீரை வேரில் மட்டும் விடுங்கள். இலை நனைந்தால் இலைப்புள்ளி நோய் எளிதில் வரும். வெட்டும் முன், பூவுக்கு அரையடி கீழே தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தண்டு துவண்டால் பூ இன்னும் முதிரவில்லை, குவளையில் நிற்காது. விறைப்பாக நின்றால் காலையில் வெட்டி, தண்ணீரில் மூழ்கும் இலைகளை உருவிவிட்டு வையுங்கள். தண்ணீரை நாள்தோறும் மாற்றினால் ஒரு வாரம் தாங்கும். வெட்ட வெட்டப் பக்கக்கிளைகள் பூக்கும்.

கேள்வி: தோட்ட வேலை மனத்தை ஆற்றும் என்பது உண்மையா, வெறும் பேச்சா?

பதில்: அளந்து பார்த்திருக்கிறார்கள். 2011இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், இப்படிப்பட்ட வாடகைத் தோட்டம் வைத்திருக்கும் 30 பேருக்கு முதலில் மன அழுத்தம் தரும் ஒரு பணி கொடுத்தார்கள். பிறகு பாதிப் பேர் தங்கள் பாத்தியில் 30 நிமிடம் வேலை செய்தார்கள். மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து படித்தார்கள். இரு பக்கமும் கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன் குறைந்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது, மனநிலையும் பழையபடி திரும்பியது. சின்ன ஆய்வுதான், பெரிதாக்க வேண்டாம்.

நடைமுறையில் ஒன்று சொல்லலாம். போனைப் பையில் வைத்துவிட்டு, கைக்குத் திரும்பத் திரும்ப ஒரே அசைவு கிடைக்கும் வேலையை எடுங்கள்: களை பிடுங்குவது, நாற்றைக் கலைப்பது, காய்ந்த பூவைக் கிள்ளுவது. முடிவெடுக்க வேண்டிய வேலையைத் தெளிவான நாளுக்குத் தள்ளிவையுங்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். பாத்தி அதற்கு மாற்று அல்ல.

கேள்வி: கீமோதெரபி எடுக்கும் என் தங்கையும் தோட்டத்துக்கு வர ஆசைப்படுகிறாள். அழைத்து வரலாமா?

பதில்: அவர் மருத்துவரைக் கேட்டுவிட்டு அழைத்து வாருங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் நாள்களில் மண்ணைக் கிளறுவதும், உரத்தையும் மக்கிய மூடாக்கையும் தொடுவதும் ஆகாது. அவற்றிலிருந்து எழும் பூஞ்சைத் தூள் நுரையீரலைத் தாக்கலாம். அவர் இருக்கும்போது நீங்களும் உரத்தைக் கிளறாதீர்கள். பாத்திக்குக் காற்று வரும் பக்கமாக, நிழலில் ஒரு நாற்காலி போட்டு, எந்தப் பூவை வெட்டலாம், எந்தக் காயைப் பறிக்கலாம் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். வெட்டும் வேலை உங்களுடையது. அவருக்குக் கொண்டுபோகும் முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவி, மண் பட்ட உடையை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் வார்டில் சேர்ந்திருந்தால் பூங்கொத்து எடுத்துப்போகும் முன் செவிலியரிடம் கேளுங்கள். பல வார்டுகளில் பூவை அனுமதிப்பதில்லை. அங்கே பாத்தியின் படம் ஒன்றைக் காட்டலாம்.