சொத்தைக் கடலையும் செக்கெண்ணெயும்

அன்புள்ள அண்ணா,
வந்தவாசிப் பக்கம் எங்கள் ஊரில் கடலை எண்ணெய்ச் செக்கு வைக்கப்போகிறேன். மரச்செக்கு வாங்குவதா, இரும்புச் செக்கா? கடனுக்கு எங்கே போவது? கடலை உடைக்கும் மில்லில் இரண்டாந்தரப் பருப்பைக் கிலோவுக்கு 25 ரூபாய் குறைத்துத் தருகிறார்கள். ஆட்டத்தானே போகிறோம், அதையே வாங்கலாமா? புண்ணாக்கை ஊரில் மாடு வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.
– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

‘ஆட்டத்தானே போகிறோம்’ என்ற இந்தப் பேச்சைப் பற்றி எழுத வேண்டுமென்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்தது.

கடன் பெரிய விஷயமில்லை. பி.எம்.ஈ.ஜி.பி. என்கிற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம், கைமுதல் 5 சதவீதம். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

அந்த இரண்டாந்தரப் பருப்பைத் தொடாதீர்கள். சுருங்கியது, முளைவிட்டது, கறுத்தது, பூசணம் படர்ந்தது எல்லாம் சேர்ந்ததுதான் அது. அஃப்ளாடாக்சின் குவிந்திருப்பது அந்தப் பருப்பில்தான். பூசணம் உண்டாக்குகிற, கல்லீரலில் புற்று வைக்கும் நஞ்சு அது. நாக்குக்குத் தெரியாது, அடுப்புச் சூட்டில் அழியாது. பெரிய ஆலைகளில் காரக் கரைசல் (அல்கலி) இட்டுச் சுத்திகரித்து வெளுக்கும்போது பெரும்பாலும் போய்விடும். செக்கில் அந்த வேலையே கிடையாது. பருப்பில் இருந்தது எண்ணெயிலும் கொஞ்சம் இறங்கும். மிச்சமெல்லாம் புண்ணாக்கில் தங்கும். அதைத் தின்ற மாட்டின் பாலிலும் அது வரும். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் குடிக்கிற பால் அம்மா அது! கடிதத்தில் புண்ணாக்கைப் பற்றி எழுதும்போது இது தோன்றவில்லையா?

நல்ல பருப்பும் மில்லில் கெடுகிறது. முழுப் பருப்புக்குத்தான் சந்தையில் விலை என்பதால், உடைக்கும்போது பிளக்காமலிருக்கக் காய்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அந்த ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்காமல் என்ன செய்யும்? செக்குக்குப் போகிற பருப்பு பிளந்தால் நமக்கென்ன நஷ்டம்? அதனால் காயாகவே வாங்குங்கள், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில். குலுக்கினால் காய்க்குள் பருப்பு கலகலக்க வேண்டும். பருப்பை விரலால் நெரித்தால் படக்கென்று பிளந்து தோல் உரிய வேண்டும். ஈரம் 7 சதவீதத்துக்குமேல் போகாமல் காயவைத்து, சாக்கில் கட்டி, மரச்சட்டத்தின்மேல் சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் தண்ணீர் தெளிக்காமல் நீங்களே உடையுங்கள். பிளந்த பருப்பு சீக்கிரம் காறிப்போகும். உடைத்ததைக் கையால் பொறுக்க இரண்டு பேரை வையுங்கள். பொறுக்கித் தள்ளியதை மாட்டுக்கோ கோழிக்கோ போடாமல் எரித்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் கட்டுப்படியாகுமா என்பீர்கள். 100 கிலோ காயில் 70 கிலோ பருப்பு தேறும். 100 கிலோ பருப்புக்கு எண்ணெய் 40 கிலோ, அதாவது 44 லிட்டர். கிலோவையும் லிட்டரையும் ஒன்றென்று எண்ணி விலைபோட்டுத்தான் பலர் கணக்கில் குழம்புகிறார்கள். பருப்பு கிலோ 120 என்று வையுங்கள், 12,000 ரூபாய். புண்ணாக்கு 55 கிலோ, 45 ரூபாய் வீதம் 2,475. மீதியை 44ஆல் வகுத்தால் லிட்டருக்கு 216 ரூபாய் சொச்சம். கரண்ட், கூலி, பாட்டில், பொறுக்குக்கூலி இதற்குமேல். இந்த விலைக்குக் கீழே யாராவது ‘செக்கெண்ணெய்’ விற்றால் அவரோடு போட்டிக்குப் போகாதீர்கள். எந்தப் பருப்பை ஆட்டுகிறார் என்று விசாரியுங்கள்.

மரமா இரும்பா என்று கேட்டிருந்தீர்கள். இரும்பில் வேகமும் எண்ணெயும் சற்றுக் கூடும். வீடுகளுக்கு விற்க வாகை மரச்செக்கே போதும். எண்ணெயை எவர்சில்வர் டிரம்மில் மூடி, நிழலில் ஒரு வாரம் தெளியவிடுங்கள். பித்தளை, செம்பு வேண்டாம், சீக்கிரம் காறல் அடிக்கும். அளந்து ஊற்றி விற்பதற்கும் சட்டத்தில் இடமில்லை. அடைத்து லேபிள் ஒட்டியே விற்க வேண்டும். தெளிந்தபின் டிரம்மின் அடியில் தங்கும் மண்டியை அடுத்த டிரம்மில் சேர்த்துவிடாதீர்கள்.