கேம்பர் வேனுக்கு இடம் பார்க்கப் போகிறீர்களா? மலை, கடல் கேள்வி பதில்

மதுரையில் இருந்து கேம்பர் வேனில் (உள்ளேயே படுத்துத் தங்கும்படி அமைத்த வேன்) கிளம்பி, மலையிலோ கடற்கரையிலோ இரவு தங்க நினைக்கிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

திருநகர் வாசகர்: அண்ணே, ஒரே நாளில் கொடைக்கானல் பக்கமும் ராமேஸ்வரம் பக்கமும் இடம் பார்த்துவிட்டு வந்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. கொடைக்கானல் சுமார் 120 கி.மீ., ராமேஸ்வரம் சுமார் 170 கி.மீ., அதுவும் எதிரெதிர்த் திசையில். ஓட்டுவதிலேயே பொழுது போய்விடும். ஒரு ஞாயிறு மலை, இன்னொரு ஞாயிறு கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை வேனை எடுக்காமல் காரிலோ பைக்கிலோ போங்கள். வேன் திரும்ப முடியாத சந்தில் மாட்டிக்கொண்டால் பின்னாலேயே எடுத்து வர வேண்டியிருக்கும்.

உசிலம்பட்டி வாசகர்: மலையில் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஒரு டேப் எடுத்துப் போங்கள். வேனின் உயரத்தை, மேலே இருக்கும் சோலார் தகடு, ஏசி எல்லாம் சேர்த்து, முன்பே அளந்து எழுதி வையுங்கள். எஸ்டேட் கேட்டின் அகலம், பாதைக்கு மேல் தாழ்ந்து வரும் கிளை, தொங்கும் மின்கம்பி மூன்றையும் பார்க்க வேண்டும். நிறுத்தும் தரை சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சரிவில் நிறுத்தினால் தூக்கம் வராது. மழை பெய்தால் அந்த மண் எப்படியிருக்கும் என்று அங்கே வேலை செய்கிறவர்களிடமே கேளுங்கள்.

பாதை விஷயத்தில் நான் நம்புவது ஒன்றைத்தான்: அரசு பஸ் தினமும் போகிற ரோட்டில் நம் வேனும் போகும். வத்தலக்குண்டு வழி அப்படிப்பட்டது. பெரியகுளத்தில் இருந்து அடுக்கம் வழியாக ஏறும் ரோடு குறுகலும் செங்குத்தும், அதில் வேனை விடாதீர்கள். என்னைக் கேட்டால், கொடைக்கானல் ஊருக்குள் இடம் தேடுவதைவிடத் தாண்டிக்குடி பக்கம் காபி, மிளகுத் தோட்டக்காரர்களிடம் பேசிப் பார்ப்பது மேல். கூட்டம் குறைவு, குளிர் போதும்.

கொடைக்கானல்வரை ஏறுவதானால் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை இருப்பதால் குடிநீரைக் கேனில் நிரப்பிக்கொண்டு போங்கள்.

விளாங்குடி வாசகர்: மேகமலையில் ரோட்டோரமாக நிறுத்தித் தங்கலாமா?

கூடாது. அது 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பகுதி. பகலில் பார்த்துவிட்டு, செக்போஸ்ட் மூடும் முன் சின்னமனூருக்கு இறங்கிவிடுங்கள். எந்த மலையானாலும் வெளியே தீ மூட்டாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களில் இருபது பேருக்கும் மேல் இறந்தார்கள். அந்த மாதங்களில் மலைச்சரிவில் உயரமாக வளரும் போதைப்புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அனுப்பானடி வாசகர்: தனுஷ்கோடியில் வேனை நிறுத்தி, விடியலில் சூரிய உதயம் பார்க்க ஆசை.

ஆசை நியாயம்தான், ஆனால் இரவில் அங்கே தங்க விடமாட்டார்கள். சாயங்காலமே வெளியேறச் சொல்லிவிடுவார்கள். 1964 புயல் ஊரையே கொண்டுபோன இடம் அது. ராமேஸ்வரத்திலோ மண்டபத்திலோ தங்கிக் காலையில் போங்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போகும் தார் ரோட்டைவிட்டு மணலில் சக்கரத்தை இறக்காதீர்கள், புதைந்துவிடும்.

தங்க இடம் தேடுவதானால் உச்சிப்புளியை அடுத்த அரியமான் பக்கம் போய்ப் பாருங்கள். அது வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று நேராக அங்கே அடிக்கும். ஆனி, ஆடியில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், கொந்தளிக்கும்போது வடகடல் ஓரளவு அமைதியாக இருக்கும். வலை காயப்போடும் இடத்திலும் வள்ளம் ஏற்றும் வழியிலும் வண்டியை நிறுத்தாதீர்கள். அது அவர்கள் தொழில் செய்யும் இடம். வீடு வந்ததும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். உப்பு இரும்பைத் தின்றுவிடும்.

மேலூர் வாசகி: அண்ணா, பிள்ளைகளோடு போகிறோம். கழிப்பறைக்கும் பாதுகாப்புக்கும் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், தங்கச்சி. ஆள் குடியிருக்கும் தனியார் இடமாகப் பாருங்கள்: தோட்ட வீடு, சின்ன ரிசார்ட்டின் காலி இடம் மாதிரி. உரிமையாளரிடம் வாடகையோடு சேர்த்து மூன்று விஷயம் பேசுங்கள்: அவர்கள் கழிப்பறையை இரவிலும் திறந்து வைப்பார்களா, வேனின் கழிவைச் செப்டிக் டேங்கில் ஊற்றலாமா, தண்ணீர் பிடிக்கலாமா. ஓடையிலோ மணலிலோ கழிவை ஊற்றுவது பாவம், அந்த ஓடைத் தண்ணீரைக் கீழே யாரோ குடிக்கிறார்கள்.

கடற்கரை இடத்தை இருட்டுகிற நேரம்வரை நின்று பாருங்கள். பகலில் அமைதியாகத் தெரியும் இடத்தில் ராத்திரி யார் வருகிறார்கள், விளக்கு எரிகிறதா, போனில் சிக்னல் இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். மலையில் அப்படி நிற்காதீர்கள், நாலு மணிக்கே இறங்கத் தொடங்குங்கள். அங்கே ராத்திரி எப்படி என்று டீக்கடையில் கேட்டுக்கொள்ளலாம்.

மேலூர் வாசகியே மறுபடியும்: ராத்திரி ஃபேனுக்கு பேட்டரி தாங்குமா?

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் ஏறக்குறைய 1.2 யூனிட் இருக்கும். இரண்டு சின்ன டிசி ஃபேன், விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் விடியும்வரை ஓடும். ஏசி போட்டால் தாங்காது. கடற்கரையில் ஜன்னலுக்கு நல்ல கொசுவலை அடித்துவிடுங்கள், காற்று போதும்.